பார்க்கின்சன் நோயோடு பாலே வகுப்புக்குப் போவது

பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவர் பாலே நடன வகுப்புக்குப் போகிறார் என்று சொன்னால், கால்விரல் நுனியில் நிற்க வேண்டுமா என்றுதான் நம்மவர்கள் முதலிற் கேட்கிறார்கள். நிற்க வேண்டியதில்லை. துள்ளவோ, காலைத் தலைக்கு மேலே தூக்கவோ வேண்டியதில்லை. வகுப்பின் முற்பகுதி கதிரையில் அமர்ந்தபடியே நடக்கிறது, விரும்புபவர்கள் முழு வகுப்பையும் கதிரையிலேயே செய்து முடிக்கலாம். இலண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளனான நான், நோய் உறுதிசெய்யப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்து, பார்க்கின்சன் நோயாளர்களுக்கென்று இருக்கும் தாதி ஒருவர் சொன்னதன்பேரில் இவ்வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். அங்கே கற்றவற்றுள் குசினிக்கும் படுக்கையறைக்கும் எடுத்துவரக்கூடியவை பல உள்ளன. நோயாளர்களுக்கும் அவர்களோடு வாழ்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

இந்த நோயில் நமக்கு நடக்கத் தெரியாமற் போவதில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. 1817இல், இலண்டன் ஹொக்ஸ்டனில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே ஆறு பேரின் நிலையை வைத்து இந்நோயை விவரித்தார். அவர்களிற் சிலர் அவர் வீதியில் கண்டு கவனித்தவர்கள். ஹொக்ஸ்டன் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய இடம் என்பதில் எனக்கு ஒரு விசித்திரமான உரிமையுணர்வு உண்டு. டோபமைன் குறையும்போது முதலில் கெட்டுப்போவது, யோசிக்காமலே தானாக நடக்கும் அசைவுகள்தான்: நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, சிரிப்புக்குச் சிரிப்பது, கதவைத் திறந்துகொண்டே உள்ளே நுழைவது. ஆனால் கவனம் வைத்துச் செய்யும் அசைவுகளுக்கும், வெளியிலிருந்து வரும் ஓசை, நிலத்திலுள்ள கோடு, ஓர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பின்பற்றிச் செய்யும் அசைவுகளுக்கும் மூளையில் வேறு வழிகளும் துணை நிற்கின்றன. அந்த வழிகள் ஒப்பளவில் கெடாமல் இருப்பதால்தான், வீட்டு வாசலைத் தாண்ட முடியாத ஒருவர் படிக்கட்டில் படிப்படியாக ஏறிவிடுகிறார். படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பும் அவருக்கு ஒரு குறி.

நடனக் கலைஞர்கள் இதையே தொழிலாகச் செய்பவர்கள். நாம் யோசிக்காமல் செய்யும் ஓரடியை அவர்கள் யோசித்து, இசையோடு பொருத்தி, மனத்தில் ஓர் உருவத்தை வைத்து எடுத்துவைக்கிறார்கள். நியூயோர்க் புரூக்ளினில் பார்க்கின்சன் நோயாளர் குழுவொன்றை நடத்திவந்த ஓலி வெஸ்ட்ஹைமர் இதைக் கவனித்து, 2001இல் மார்க் மொறிஸ் நடனக் குழுவை அணுகினார். நடனக் கலைஞர்கள் தம் உடலை ஆளும் உத்திகளைத் தம் குழுவினருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. அங்கே தொடங்கிய வகுப்பு பல நாடுகளுக்குப் பரவியது. இலண்டனில் இங்கிலிஷ் நஷனல் பாலே என்னும் நடனக் குழு 2010இல் இதைத் தொடங்க, றோஹம்ப்டன் பல்கலைக்கழகத்தின் சாரா ஹூஸ்டன் அதை ஆரம்பத்திலிருந்தே ஆராய்ந்தார். அக்குழு 2019இல் கன்னிங் டவுனுக்கு அருகே இலண்டன் சிற்றி ஐலன்டிலுள்ள புதிய கட்டடத்துக்கு இடம்மாறியது. நிலையத்திலிருந்து லீ ஆற்றின் மேலுள்ள சிவப்பு நடைபாலத்தால் அங்கே போகலாம்.

வகுப்பில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். நோயாளர் யார், துணைக்கு வந்தவர் யார் என்று பிரித்து இருத்துவதில்லை. என் மனைவியும் ஆடுகிறார், அவருக்கும் முழங்கால் வலி உண்டு. ஒருவர் தன் பெயரைச் சொல்லி ஒரு சைகை செய்ய, மற்றவர்கள் அந்தப் பெயரையும் சைகையையும் அப்படியே திருப்பிச் செய்யும் சுற்றோடு ஆரம்பமாகும். எங்களுக்குக் குரல் தணிந்துபோவது வழக்கமாதலால், வட்டத்தின் மறுகரைக்குக் கேட்கும்படி பெயரைச் சொல்வதே ஒரு பயிற்சிதான். பிறகு பியானோ தொடங்கும். பதிவுசெய்த இசைக்கும் எதிரே இருந்து வாசிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாக எண்ணியதில்லை. ஆனால் ஒருவர் பின்தங்கும்போது வாசிப்பவர் அதைக் கண்ணாற் கண்டு, அடுத்த சுற்றுக்கு முன் ஒரு மூச்சு இடைவெளி விட்டு எல்லோரையும் சேர்த்தெடுப்பதைப் பார்த்தபின், அந்த வேறுபாடு எனக்கு விளங்கியது.

அமர்ந்தபடி செய்வனவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டவை கைகளின் அசைவுகள். இரு கைகளையும் முன்னே வட்டமாக ஏந்தி, தலைக்கு மேல் உயர்த்தி, பக்கங்களுக்கு விரித்து இறக்குவதைப் பாலேயில் 'போர் த பிரா' என்கிறார்கள். 'கையை இன்னும் உயர்த்துங்கள்' என்று ஆசிரியை சொல்வதில்லை. 'ஆற்றின் அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கையை நீட்டுங்கள்' என்பார். இதற்கொரு காரணம் உண்டு. இந்நோய் அசைவைச் சுருக்குவதோடு நிற்பதில்லை, அது சுருங்கியிருக்கிறது என்ற உணர்வையும் கெடுத்துவிடுகிறது. மிகையாகக் கையை விரித்துவிட்டேன் என்று கூச்சப்பட்டுக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், அங்கே என் கை சாதாரண மனிதர் நீட்டும் அளவுக்குத்தான் நீண்டிருக்கும். அதனால் தூரத்திலுள்ள ஓரிடத்தைக் குறியாக வைப்பது, 'பெரிதாகச் செய்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதைவிட நன்றாக வேலை செய்கிறது. மேலங்கிக்குள் கை நுழையாமல் முழங்கையோடு சிக்கிக்கொள்ளும் காலைப்பொழுதுகளில், எதிர்ச்சுவரைத் தொடுவதுபோல எண்ணிக் கையை நீட்டுகிறேன், பெரும்பாலும் போய்விடுகிறது.

இன்னொன்றும் அங்கே கண்டேன். என் வலக்கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுங்கும்; அது எழுந்து வளைவாகப் போகத் தொடங்கியதும் நடுக்கம் தணியும்; மீண்டும் மடிக்கு வந்ததும் திரும்ப வரும். ஓய்வு நடுக்கத்தின் இயல்பு அது, நடனத்தின் அற்புதம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் கலியாண மண்டபங்களில் கையைப் பொக்கற்றுக்குள் ஒளித்துவைத்துப் பழகிய ஒருவனுக்கு, அது எல்லோர் முன்னிலையிலும் சில நிமிடங்கள் அமைதியாகப் பறப்பதைப் பார்க்கக் கிடைப்பது சிறிய விடயமல்ல.

எழுந்து நிற்கும் பகுதியில் கதிரையின் முதுகையோ சுவரோரக் கம்பியையோ பிடித்துக்கொள்கிறோம். கம்பியை இறுக்கிப் பற்றினால் தோள் விறைத்து உடல் முன்னே சாயும். விரல்களை அதன்மேல் வைத்திருப்பதே போதுமானது. இங்கேதான் பாலேயின் அடிப்படை எங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. 'பிளியே' என்பது முழங்கால்களை மடித்துத் தாழ்ந்து எழுவது. நம் அரைமண்டியைப் போன்ற தோற்றம்தான், ஆயினும் நாங்கள் செய்வது அதில் காற்பங்கு ஆழம். 'தோந்த்யூ' என்பது ஒரு காலில் பாரத்தை வைத்துக்கொண்டு மற்றப் பாதத்தை நிலத்திலே தேய்த்தபடி முன்னே நீட்டி, குதி எழுந்து விரல்நுனி மட்டும் நிலத்தைத் தொடும்வரை கொண்டுபோவது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது தெளிவாவது ஒன்று: ஒரு காலைத் தூக்குவதற்கு முன் உடலின் பாரம் முழுவதும் மற்றக் காலுக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் பாதத்தை இழுத்து இழுத்து நடப்பதற்குப் பெரிய காரணம், பாரம் இரு கால்களுக்கும் நடுவே நின்றுவிட, எந்தக் காலும் விடுபடாமல் இருப்பது. காலில் பலமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பலவற்றுக்கு இதுவே காரணமாக இருந்தது.

கால் உறைந்துபோவதற்கும் இதுவே எனக்கு மருந்தாகியது. கழிவறை வாசல், தொடருந்துக் கதவு, குசினியில் அடுப்பிலிருந்து மேசைப்பக்கம் திரும்பும் இடம் ஆகியவை என் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் இடங்கள். அந்த வேளையில் உடலின் மேற்பாதி முன்னே போய்க்கொண்டிருக்கும், கீழ்ப்பாதி நின்றுவிடும். விழுவதற்கு அதுவே போதும். உறைந்து நிற்பவரைக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், பேரப்பிள்ளைகள் உட்பட, சொல்லிவைக்க வேண்டும். செய்ய வேண்டியது வேறு. முதலில் முற்றாக நிறுத்தி ஒரு மூச்சு விடுவது. பிறகு வகுப்பில் செய்வதுபோலப் பாரத்தை இடமும் வலமும் மாற்றி அசைவது. அசைவு ஒழுங்குக்கு வந்தபின், நிலத்தில் ஒரு கோடு இருப்பதாக எண்ணி, எண்ணிக்கையோடு அதைத் தாண்டிக் காலை வைப்பது. என் மனைவி இப்போது என்னைத் தொடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று, 'இஞ்சருங்கோ, ஒரு அவசரமும் இல்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று எண்ணுவார். வால்ட்ஸ் நடன இசையின் மூன்று எண்ணிக்கை அசைவதற்கு ஏற்றது, நடப்பதற்கு இரண்டு எண்ணிக்கையே நல்லது என்பது என் தனிப்பட்ட தீர்மானம். மூன்றிலே நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் மாறி எனக்குக் குழப்பமாகிவிடுகிறது. எண்ணுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு முதுமை வாய்த்ததில் எனக்குக் குறையில்லை.

பாலே இசைதான் வேண்டும் என்றில்லை. ஆதி தாளத்தில் அமைந்த, உங்களுக்கு மனப்பாடமான எந்தப் பாட்டும் உதவும். ஆனால் வேகத்தைக் கவனிக்க வேண்டும். உங்கள் இயல்பான நடையைவிட விரைவான பாட்டுக்கு நடந்தால் அடிகள் நீளாமல் சுருங்கி, ஓட்டமும் நடையுமாக முன்னே இழுத்துக்கொண்டு போகும். அந்த ஓட்டத்தை நிறுத்துவது மிகவும் கடினம்.

திரும்புவது நடப்பதைவிட ஆபத்தானது. வகுப்பில் மண்டபத்தின் குறுக்கே இருவர் இருவராக நடந்து மறுமுனையில் திரும்பும்போது, ஒரே இடத்தில் நின்று சுழலாமல் அகலமான அரைவட்டமாக வரச் சொல்கிறார்கள். முதலில் கண்கள், பிறகு தலை, பிறகு மார்பு, கடைசியாகப் பாதங்கள். வீட்டில் அரைவட்டத்துக்கு இடமிருக்காது. ஆகவே குசினி மேசையைச் சுவரோடு தள்ளிவைத்தோம், கால்மிதிகளை எடுத்துவிட்டோம். கையில் தேநீர்க் கோப்பையோடு பேசிக்கொண்டே திரும்புவதை நான் விட்டுவிட்டேன். வகுப்பிலே அசைவுத்தொடரை நினைவில் வைத்தபடி நடப்பதும் பாடுவதும், ஒரே நேரத்தில் இரண்டைச் செய்யப் பழக்குவதற்காகத்தான்; அதைப் பழகுவதற்குரிய இடம் பக்கத்தில் ஆட்கள் நிற்கும் வகுப்பு, கொதிநீர் இருக்கும் குசினியல்ல.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நோயில் முகத் தசைகள் அசையாமல் போக, நாம் மகிழ்ச்சியாக இருக்கும்போதும் மற்றவர்களுக்குக் கோபக்காரராகவே தெரிகிறோம். பாலேயில் பேச்சுக்குப் பதிலாகச் சைகை மொழி ஒன்று உண்டு: நெஞ்சில் கைகளை வைத்தால் அன்பு, மோதிர விரலைச் சுட்டினால் திருமணம், இரு விரல்களை உயர்த்தினால் சத்தியம், மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்தால் மரணம், தலைக்கு மேல் கைகளை ஒன்றையொன்று சுற்றினால் நடனம். அன்னப் பறவையாக மாற்றப்பட்ட இளவரசியின் கதையைச் சொல்லும் 'சுவான் லேக்' பகுதியை நாங்கள் செய்தபோது, இரு விரலை உயர்த்திச் சத்தியம் செய்யும் இளவரசனாக அரைவட்டத்தில் பாதிப் பேர் இருந்தோம். சைகை பெரிதாகும்போது முகமும் அதைத் தொடர்ந்து சற்றே திறக்கிறது. பரதநாட்டிய அபிநயத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. அரங்கேற்றம் முடித்த மகளோ பேத்தியோ வீட்டில் இருந்தால், வாரத்தில் ஒருநாள் கைமுத்திரைகளையும் நவரசங்களையும் அமர்ந்தபடி சொல்லித்தரக் கேட்கலாம். ஆனால் காலைத் தட்டும் அடவுகளை, வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்காமல் நின்று செய்ய வேண்டாம்.

மருந்து நேரத்தைத் திட்டமிடாமல் வகுப்புக்குப் போவதில் பயனில்லை. டோபமைன் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்கு எனக்கு முக்கால் மணிநேரம் ஆகிறது. வகுப்பின் நடுப்பகுதி அது உச்சத்திலிருக்கும் நேரத்தில் வரும்படி பார்த்துக்கொள்கிறேன். புரத உணவு அதன் உறிஞ்சலோடு போட்டியிடும் என்பதால் பருப்பும் மீனும் பாலும் வகுப்பு நாளில் மாலைக்குத் தள்ளிப்போகின்றன. இதை எல்லோரும் செய்ய வேண்டியதில்லை, உங்கள் வைத்தியரிடம் கேட்டே மாற்ற வேண்டும். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும் எங்களிற் பலருக்கு உண்டு. ஆகவே அமர்ந்த பகுதி முடிந்து எழும்போது கதிரையின் முன்நுனிக்கு வந்து, பாதங்களைப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை குனிந்து எழுந்து, கம்பியைப் பிடித்தபடி சற்று நின்றபின்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். சப்பாத்தின் அடிப்பாகம் மெல்லியதாக இருக்க வேண்டும், நிலத்தில் வழுவவும் கூடாது, பற்றிப் பிடிக்கவும் கூடாது. தடித்த இறப்பர் அடியுள்ள ஓட்டச் சப்பாத்து பாதத்தைத் தேய்க்கும் அசைவில் நிலத்தோடு சிக்கி விழுத்திவிடும். காலுறையோடு மட்டும் நிற்பது அதைவிட மோசம்.

இது நோயைக் குணப்படுத்தும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. நடக்க முடியாதவர் இசை கேட்டதும் ஆடுவதாக அவற்றில் வருவது பொய்யல்ல. நான் முன்னே சொன்ன வெளிக்குறியின் விளைவு அது, இசை நின்றதும் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். நெடுங்காலப் பயனைப் பற்றி ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தினர், கனடாவின் தேசிய பாலே பாடசாலையில் கிழமைதோறும் ஆடிய 16 நோயாளர்களை, ஆடாத 16 பேரோடு மூன்றாண்டுக் கால அளவில் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டனர்; ஆடியவர்களின் அசைவுக் குறைபாடு மெதுவாகவே கூடியதாகக் கண்டனர். நல்ல செய்திதான். ஆனால் ஆட வருபவர்கள் ஏற்கெனவே ஊக்கம் உள்ளவர்கள், எண்ணிக்கையும் சிறியது. கணக்காளனாக அதை நான் ஊக்கமளிக்கும் அறிகுறியாக எடுத்துக்கொள்வேன், முடிந்த கணக்காக அல்ல. என் மாத்திரைகளின் அளவு வகுப்பால் குறையவில்லை, காலப்போக்கில் கூடியிருக்கிறது. முன்பு நின்று செய்த சிலவற்றை இப்போது கதிரையில் செய்கிறேன். அப்படி மாறும்போது ஆசிரியை அதே அசைவின் அமர்ந்த வடிவத்தை எல்லோருக்கும் சேர்த்தே காட்டுவதால், என்னைத் தனியே ஒதுக்கியதாகத் தோன்றுவதில்லை. வகுப்பொன்றைத் தெரிவுசெய்யும்போது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: அமர்ந்து செய்பவருக்கு முழு நடனம் கிடைக்கிறதா, அல்லது நின்றவர்கள் ஆடும்வரை அவர் காத்திருக்கிறாரா? வேறொரு மண்டபத்தில் நான் ஒருமுறை போய்ப் பார்த்த வகுப்பில் இரண்டாவதே நடந்தது. நான் திரும்பப் போகவில்லை.

அருகில் வகுப்பு இல்லாதவர்களுக்கு வழிகள் உண்டு. மார்க் மொறிஸ் குழுவின் வகுப்புகள் இணையத்திலும் நடக்கின்றன. இந்தியாவில் இருப்பவர்கள், புனேயில் நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் பார்க்கின்சன் நோயாளர்களுக்கு ஆண்டுக்கணக்காக நடத்திவரும் வகுப்பைப் பற்றி விசாரிக்கலாம். அவர் கதக் பயின்றவர் என்பதால் நம் தாளங்கள் அங்கே அந்நியமாக இருக்காது. வீட்டில் திரையைப் பார்த்துச் செய்யும்போது சில்லு இல்லாத, பாரமான கதிரையொன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திவைக்க வேண்டும். திரை தாழ்ந்திருந்தால் கழுத்தும் முதுகும் ஏற்கெனவே வளைந்த பக்கத்துக்கே இன்னும் வளையும். வீட்டில் வேறொருவர் இருந்தால் நின்று செய்யும் பகுதியையும் செய்கிறேன். தனியே இருக்கும் நாளில் வகுப்பு முழுவதையும் அமர்ந்தே செய்கிறேன், கைத்தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.